எண்பத்து மூன்றாம் பக்கம்

பவுன்தாய்க்கு முன்னால் இன்னும் மூன்று பேர் பாக்கி இருந்தார்கள். அந்த மூன்று பேரும் பேசி முடிப்பதற்குள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, தன் முறை வந்ததும் வாயைத் திறந்து, அப்படி ஒரு புத்தகமே கிடையாது, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட வேண்டும். மொத்தம் ஏழே வார்த்தை. காலையில் புளி கரைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள், தலை துவட்டும்போதும் சொல்லிப் பார்த்தாள், வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தபோதும் சொல்லிப் பார்த்தாள். தனியாக இருக்கும்போது என்னமாய் வருகிறது! இங்கே வந்து உட்கார்ந்ததும் ஏழில் ஒன்றுகூட வரவில்லை. கணபதிராமனின் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஊசிக்குக் கை நீட்ட ஆள் வராது. அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று மணிக்கு இந்தக் காத்திருப்புக் கூடம் வாசகர் வட்டத்துக்கு என்று ஆகிவிட்டது. ஒன்றோடொன்று கோத்துவிட்ட இரும்பு நாற்காலிகள். சுவரில் பாதியாக வெட்டிக் காட்டிய சிறுநீரகம். ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்ற பலகைக்குக் கீழே ஏழு பேர் வடையைத் தின்றுகொண்டு புத்தகம் பேசுவார்கள். வட்டத்துக்குச் சட்டம் இரண்டே இரண்டுதான். இப்போது என்ன வாசிக்கிறாய், எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறாய் என்று சொல்ல வேண்டும். கணபதிராமன் அதை நீள நோட்டில் குறித்துக்கொள்வார். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்த நாற்காலிக்காரர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். கேட்கலாம் என்ன, கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் கணபதிராமன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், அதைத் தாங்க முடியாது.

இந்தப் பக்க எண்தான் அவளைக் கெடுத்தது. மில்லில் நூல் கோன் சுற்றுகிற வேலை பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் சோற்றுக் கையோடு புத்தகம் பிரித்தவள் அவள். சாத்தூர் மில்லில் அவளுக்குப் பெயரே படிப்பாளி. அதெல்லாம் ஒரு காலம். சாத்தூரை விட்டு இந்த அருப்புக்கோட்டைக்கு வந்து மூன்று வருஷமாகிறது, அதற்கும் ஒரு வருஷம் முன்னாலேயே வாசிப்பு போய்விட்டது. போய்விட்டது என்றால், கண்ணில் கோளாறு இல்லை, கண் டாக்டர் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்றார். எழுத்து தெரிகிறது, வார்த்தை தெரிகிறது, இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் தலை தானாக நிமிர்ந்து இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறது. பார்த்துவிட்டுக் குனிந்தால் எந்த வரி என்று தெரிவதில்லை. பிறகு எதற்கு வாசகர் வட்டம் என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. விரதம் இருக்கிறவள் பக்கத்து வீட்டுத் தாளிப்பை மோந்து பார்ப்பது மாதிரி, மற்றவர்கள் வாசித்ததைச் சொல்லக் கேட்டுவிட்டுப் போவாள். முன்காலத்தில் வாசித்ததையெல்லாம் இப்போதுதான் வாசிப்பதாகச் சொல்லி ஒன்றரை வருஷம் ஒப்பேற்றினாள். சரக்கு தீர்ந்தது. தீர்ந்ததும் ஒரு நாள் ரோஷம் வந்து, பீரோவுக்குள் துணிக்கு அடியில் கிடந்த, பாதியில் விட்ட அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கம் என்றார் கணபதிராமன். நாற்பத்தொன்று என்றாள். அடுத்த மாதமும் நாற்பத்தொன்று. அதற்கடுத்த மாதமும் அவர் நோட்டைப் பார்த்து, ‘பவுன்தாய், நாற்பத்தொன்று’ என்று வாசித்தபோது மருந்துக் கம்பெனி ஜோயல் சிரித்துவிட்டான். கெட்ட பையன் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தான். அவளுக்குத்தான் பொசுக்கென்று கண் கலங்கிப் போயிற்று. அதை விட்டுட்டேன், இப்ப வேற ஒண்ணு வாசிக்கிறேன், பழைய புத்தகம், பெரியம்மா வீட்டுப் பரண்ல கெடந்துச்சு என்று வாய் அது பாட்டுக்குச் சொல்லத் தொடங்கியது. எழுதியது யார் என்று கேட்டார்கள். மேஜைமேல் யாரோ வாங்காமல் விட்டுப்போன சர்க்கரை ரிப்போர்ட் உறை கிடந்தது, அதில் இருந்த பெயரையே சொன்னாள்: சோ. குருவம்மாள். அறுபத்தொரு வயசு, சாப்பிட்ட பிறகு இருநூற்று எழுபது. அந்த அம்மாள் எங்கே இருக்கிறாளோ, தான் ஒரு நாவல் எழுதியது அவளுக்கே தெரியாது.

கதை என்ன என்று கேட்டபோதுதான் வினை. வேறு கதை வந்திருக்கலாமே. ராஜா கதை, பேய்க்கதை, புருஷன் பெண்டாட்டி சண்டை, ஊரில் கதைக்கா பஞ்சம்? வாயில் வந்தது ஒரே கதைதான். அக்கா தங்கச்சி இரண்டு பேர், தங்கச்சிக்குப் புத்தி சரியில்லை, காதில் குரல் கேட்கும், அக்காக்காரி மாதம் ஒரு தடவை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வருவாள், ஒரு தடவை திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் தங்கச்சியை உட்கார வைத்துவிட்டு அக்கா தண்ணீர் பிடிக்கப் போனாள், வந்து பார்த்தால் ஆளைக் காணோம். இந்த ஊரில் யாருக்கும் சீனியைத் தெரியாது. சீனியம்மாள் என்று ஒரு தங்கச்சி இருந்தாள், முப்பத்தெட்டு வயசு, கத்தரிப்பூக் கலர் சேலை, இடது புருவத்தில் தழும்பு என்று சாத்தூரில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் ஏதாச்சும் தகவல் உண்டா என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இங்கே மாற்றல் வாங்கி வந்தாள். இங்கே அவள் தனிக்கட்டை. அப்படி இருக்க, மூடி வைத்த பானையைத் தானே போய்த் திறந்து வைத்தாள். ஒரு மாதத்தோடு விட்டார்களா? பக்கம் ஏற ஏறக் கதையும் ஏற வேண்டும். அறுபதாம் பக்கத்தில் அக்கா போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தைந்தில் கோயில் கோயிலாக அன்னதான வரிசையில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். தொண்ணூற்றில் பிணவறையில் ஒரு துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லி, இவள் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். எதையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை, நடந்ததை நடந்த மாதிரியே சொன்னாள். பக்க எண் மட்டும்தான் கற்பனை. அதுவும், அந்தத் தண்ணீரும்.

ஜோயல் எழுந்து நின்று பேசத் தொடங்கினான். அவனுக்கு எதையும் நின்றுகொண்டுதான் பேச வரும். காட்டுக்குள் வழி தவறிப்போன யாரையோ பற்றிய புத்தகம், நூற்றி முப்பது பக்கம் ஆயிற்றாம். பவுன்தாய் அவன் வாயைப் பார்த்தாள், காதில் ஏறவில்லை. தண்ணீர். தண்ணீர் பிடிக்கப் போகவே இல்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது, சீனியின் மடியில் இருந்தது அந்தப் பாட்டில். போலீஸிடம் தண்ணீர் என்றாள், சித்தப்பாவிடம் தண்ணீர் என்றாள், சொல்லிச் சொல்லி அந்தக் குழாயே இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, பித்தளைத் திருகு, கீழே பாசி. அப்படி ஒரு குழாய் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எங்கேயாவது இருக்குமோ என்னவோ, அவள் பார்த்ததில்லை. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். சாத்தூர் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள், சீனி மாத்திரை மயக்கத்தில் இவள் தோளில் தலையைப் போட்டிருந்தாள், காலையிலிருந்து ஆஸ்பத்திரி வரிசை, முதுகு வலி, ஒரு பத்து நிமிஷம், பத்தே நிமிஷம் என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அது நல்ல புத்தகம், அதுதான் கொடுமை. மட்டமான புத்தகமாக இருந்திருந்தால் நாலு வரிக்கு ஒரு தடவை தலை நிமிர்ந்திருப்பாள். நாற்பதாம் பக்கம் திருப்பியபோது இடது கண்ணோரத்தில் கத்தரிப்பூக் கலர் அசைந்தது. அசைந்தது தெரிந்தது. தெரியவில்லை என்று எத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள், செல்லாது. தெரிந்தது. எழுந்திருக்கிறாள், காலை நீட்ட எழுந்திருக்கிறாள், எங்கே போகப் போகிறாள், இந்தப் பத்தி முடியட்டும். இந்தப் பத்தி முடியட்டும் என்று நினைத்த நினைப்புக்கு மனசுக்குள் குரல்கூட இருக்கிறது, சலிப்பான குரல், அவளுடைய குரல்தான். பத்தி முடிந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தின் பாதியில் முடிந்தது. நிமிர்ந்தாள். மாத்திரைப் பையும் தண்ணீர் பாட்டிலும் நாற்காலியில் இருந்தன.

யாரோ கேள்வி கேட்டார்கள், ஜோயல் பதில் சொன்னான், கணபதிராமன் எழுதினார். இன்னும் இரண்டு பேர். சொல்லிரு பவுனு, இன்னைக்குச் சொல்லாட்டா என்னைக்கும் சொல்ல மாட்டே. சொன்னால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் சிரித்து முடித்ததும் ஒருத்தர் கேட்பார், அப்படின்னா அந்தக் கதை எங்கேருந்துக்கா வந்துச்சு என்று. அங்கேதான் கால் இடறுகிறது. வீட்டில் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, இடது தோள் சுவரில் உரச உட்கார்ந்து வாசித்துப் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் சுவர் என்றால் காலியிடமே இல்லையே, திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது என்று. இரண்டாம் பக்கத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சனிக்கிழமை அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்கே போய், அதே வரிசையில் உட்கார்ந்து நாற்பத்தொன்றைத் திறந்தாள், விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டால் ஏதாவது ஆகும் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து, இது யார் பை, கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா என்று கேட்டது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மாதம் ஒரு ஞாயிறு இந்தக் கூடம்தான் மிச்சம். இங்கேயாவது புத்தகம் புத்தகமாக இருக்கிறது, மனிதர்கள் உட்கார்ந்து ஒழுங்காக வாசிக்கிறார்கள், தன்னிடம் இல்லாவிட்டாலும் உலகத்தில் அது இருக்கிறது என்று ஒரு நிம்மதி. இன்றைக்கு உண்மையைச் சொன்னால் அதுவும் போகும். சொல்லாவிட்டால் சவரிமுத்து அண்ணாச்சி செத்துப்போவார்.

சவரிமுத்து அண்ணாச்சி அவளுக்கு இடது பக்க நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயசு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம், ஊரான் வீட்டுப் பேச்சைக் கேட்டே வளர்ந்த காது தாயி இது என்று அவரே காதைத் தொட்டுக் காட்டிச் சொல்லுவார். வட்டத்தில் மெய்யாகவே வாசிக்கிற ஆள் என்றால் அவர்தான். மற்றவர்கள் கதையைச் சொல்லுவார்கள், அவர் அந்தக் கதையில் வருகிறவர்களைத் தன் சொந்தக்காரர்களைப் போலத் திட்டுவார், பரிந்து பேசுவார். குருவம்மாளின் நாவலை முதல் தடவை கேட்டதிலிருந்து மனுஷருக்கு நிலைகொள்ளவில்லை. அதை நானும் வாசிக்கணுமே பவுனு, குடு என்றார். வெளியே கொடுக்கப் பெரியம்மா மகன் விடமாட்டேன் என்கிறான் என்று இன்னொரு பொய். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது சும்மாவா? உடனே மதுரைக்கு பஸ் ஏறிப் பழைய புத்தகக் கடைகளில் எல்லாம் விசாரித்தார். கோவில்பட்டியில் யாரோ பழைய அச்சகக்காரர் இருக்கிறார் என்று அங்கே போனார். வீங்கின காலோடு நின்றுகொண்டே போயிருக்கிறார், டவுன் பஸ்ஸில் எவன் எழுந்து இடம் கொடுக்கிறான்? போன வாரம் மில்லுக்குப் போன் பண்ணி, ‘மெட்ராஸுக்கே ஒரு நடை போயிட்டு வந்துடுறேன் தாயி, அங்க இல்லாத புத்தகமா’ என்றார். அன்று ராத்திரி பவுன்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே ஒருத்தியைப் பஸ் ஸ்டாண்டில் தொலைத்தாயிற்று. அதனால்தான் இன்றைக்கு இந்த ஏழு வார்த்தை. உள்ளே வரும்போதே அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட நினைத்தாள், அவர் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார், பேங்க் மெர்லின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தாள், அதற்குள் கணபதிராமன் நோட்டைத் திறந்துவிட்டார்.

அவருக்கு முந்தைய ஆள் சமையல் குறிப்புப் புத்தகத்தைத்தான் இந்த மாதம் வாசித்தேன் என்று சொல்லி, எல்லோரும் சிரித்து, அதற்கு அண்ணாச்சி வெந்தயக் குழம்பு பற்றி ஒரு கேள்வி கேட்டு, அது முடிந்தது. அண்ணாச்சியின் முறை. அவர் தொண்டையைச் செருமினார். கையில் எப்போதும் வைத்திருக்கும் மஞ்சள் பை இருந்தது, மடியில் தட்டையாகக் கிடந்தது. ‘இந்த மாசம் நான் வாசிக்கிறது நம்ம பவுனு சொன்ன புத்தகம். குருவம்மாள் எழுதினது. கெடைச்சிருச்சு’ என்றார். கூடத்தில் ஒரு சலசலப்பு, அட, எங்க கிடைச்சது அண்ணாச்சி, கொண்டு வரலையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பொடிப்பொடியா உதிருது, வீட்டுல கவுத்தி வச்சிருக்கேன் என்றார். பக்கம்? எண்பத்து மூணு. கணபதிராமன் எழுதிக்கொண்டார். பவுன்தாய்க்கு முதலில் வந்தது ஒரு கிறுக்குச் சந்தோஷம். அப்படியானால் இருக்கிறது. எங்கோ ஒருத்தி எழுதியிருக்கிறாள், அச்சாகியிருக்கிறது, அதில் பக்கங்கள் இருக்கின்றன, பக்கங்கள் இருந்தால் கடைசிப் பக்கமும் இருக்கும், ஏதோ ஒரு பக்கத்தில் சீனி கத்தரிப்பூச் சேலையோடு உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷமாகத் தேடாத இடம் அதுதான். அடுத்த மூச்சிலேயே புத்தி திரும்பியது. அடி போடி, உன் வாயில் வந்த புத்தகம் அவர் கையில் எப்படி வரும்? அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கணபதிராமன் பக்கம் முகத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார், கண் கணபதிராமன்மேல் இல்லை, அவருக்கு இரண்டு முழம் தள்ளி ஜன்னல் கம்பியில் இருந்தது. டீ தம்ளரைக் கீழே வைப்பதற்குமுன் விரலால் நாற்காலியின் ஓரத்தைத் தடவித் தேடினார். இரண்டு மூன்று மாதமாகவே பஸ் போர்டைப் படித்துச் சொல்லு தாயி என்று கேட்டதும், வாட்ஸ்அப்பில் எழுதாமல் குரலாகவே அனுப்பியதும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அண்ணாச்சிக்குக் கண் தெரியவில்லை. எத்தனை நாளாகவோ. நூற்றிருபது, எண்பது, இருநூறு என்று மாதாமாதம் அவர் சொன்ன பக்கமெல்லாம், திட்டியதும் பரிந்ததும் எல்லாம், யார் யாரோ சொல்லக் கேட்ட கதையிலிருந்து இவர் கட்டிக்கொண்டது. மெய்யாக வாசிக்கிறவர் என்று ஒரே ஒருத்தரை நம்பி வைத்திருந்தாள், அவரும் அவளைப் போலவே வெறும் கையோடுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி பேசிக்கொண்டே போனார். புத்தகம் பவுனு சொன்ன மாதிரியேதான் இருக்கு, அந்த அக்காக்காரி மேல எனக்கு ரொம்பப் பிரியம், இப்படி ஒரு பொம்பள மாசாமாசம் பஸ் ஏறி, வரிசையில நின்னு, மாத்திரையைத் தேனில குழைச்சுக் குடுத்து, எத்தனை வருஷம், ஒரு கல்யாணம் உண்டா காட்சி உண்டா என்றார். மாத்திரையைத் தேனில் குழைத்ததை அவள் சொன்னதே இல்லை. அவள் வெல்லத்தில் வைத்துக் கொடுப்பாள். தேனுக்கு எங்கே போவது? திருத்தலாம் போல இருந்தது, வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: ‘தண்ணி புடிக்கப் போனான்னுதான் எழுதியிருக்கு. இருக்கட்டும். எண்பத்து மூணாம் பக்கத்துல, அந்த நாளை அவ திரும்ப நெனச்சுப் பாக்குற எடத்துல ஒரு வரி வருது. அவ வந்து பாக்குறா, எடம் காலியா கெடக்கு. கத்துறதுக்கு முந்தி ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவளுக்கு அப்பாடான்னு இருக்கு. அதோட புத்தகத்தைக் கவுத்தி வச்சிட்டேன். அதுக்கு மேல வாசிக்க முடியல.’ பவுன்தாய் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். இதை அவள் போலீஸிடம் சொல்லவில்லை, சித்தப்பாவிடம் சொல்லவில்லை, சாமியிடம் சொல்லவில்லை. பத்தி முடியட்டும் என்று நினைத்ததையாவது ஒப்புக்கொண்டிருக்கிறாள், இதை அவளே தனக்குச் சொன்னதில்லை. நிமிர்ந்தாள், காலியாக இருந்தது, இடது தோளில் அதுவரை அழுத்திக்கொண்டிருந்த தலையின் பாரம் இல்லை, அந்தப் பக்கம் காற்று பட்டது. ஆமாம். பட்டது. நன்றாக இருந்தது. இருபது வருஷத்துப் பாரம் இறங்கியது, ஒரு நிமிஷம் அவள் ஒருத்தியாக, யாருக்கும் எதுவும் இல்லாதவளாக உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகம் திறந்திருந்தது, இன்னும் ஒரு பக்கம் வாசிக்கலாம் என்றுகூட இருந்தது. அதற்குப் பிறகுதான் சீனி என்று கத்தினாள். கத்தினதைப் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது, அதற்கு முந்தின நிமிஷத்தை யார் கேட்டார்கள்? கண் தெரியாத ஒரு கிழவர், இல்லாத ஒரு புத்தகத்தின் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் அதை வாசித்துவிட்டார்.

இவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? தன் பெண்டாட்டி எட்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அவள் போன அன்று இவருக்கும் அப்படி ஒரு நிமிஷம் இருந்திருக்கும், அதைக் கொண்டுவந்து என் கதையில் வைத்துவிட்டார். அப்படித்தான் இருக்கும். அப்படியே இருந்தாலும் என்ன, கையும் களவுமாகப் பிடிபட்டது பிடிபட்டதுதான். ஏழு வார்த்தை இனி எதற்கும் ஆகாது. அப்படி ஒரு புத்தகமே கிடையாது என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் அண்ணாச்சியின் கண்ணும் அதோடு சேர்ந்து வெளியே வரும், இத்தனை பேர் நடுவில் அந்த மனுஷரை நிறுத்தி வைத்து நீ குருடன் என்று சொன்னதாகும். எழுந்து போய்விடலாமா, தலை சுற்றுகிறது என்று சொல்லலாமா, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அதைச் சொன்னால் உடனே ஊசியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் கணபதிராமன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த நாற்காலி அவளுடையது, கேள்வி அவள்தான் கேட்க வேண்டும். கேள்வி ஒன்றுதான் இருந்தது. நாலு வருஷம் இரண்டு மாதமாக அதைத் தவிர அவளிடம் வேறு கேள்வியே இல்லை. அதைப் போலீஸ்காரரிடம் கேட்டாள், குறி சொல்கிறவளிடம் கேட்டாள், அந்தத் துணியைத் தூக்கிக் காட்டியவனிடம் கேட்டாள். கேட்கக் கூடாது, இவரிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது, இவருக்கு என்ன தெரியும், புத்தகமே இல்லை என்று உனக்குத் தெரியாதா, தெரியும், எல்லாம் தெரியும். அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பி, முகத்தைச் சரியாகப் பிடிக்க முடியாமல் அவள் தோளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

‘தங்கச்சி கெடைச்சாளா அண்ணாச்சி?’

அவர் மஞ்சள் பையை மடித்தார், திரும்பப் பிரித்தார். அவருக்கும் சிக்கல்தானே, இல்லாத புத்தகத்துக்கு முடிவு எங்கே இருந்து கொண்டுவருவார்? கிடைச்சுட்டா என்று சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி, உங்களுக்கு என்ன நஷ்டம், இவ்வளவு சொன்னவர் இதையும் சொல்லிவிட்டுப் போங்கள், நான் நம்பிக்கொள்கிறேன், ராத்திரி வரைக்குமாவது நம்பிக்கொள்கிறேன் என்று அவள் மனசு கெஞ்சியது. காசி ராமேஸ்வரம் எங்கேயோ ஒரு மடத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று சொன்னால்கூடப் போதும். அவர் தலையை ஆட்டினார்.

‘நான் வாங்கினதுல கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சு போச்சு தாயி. நீ இந்நேரம் முழுசும் வாசிச்சிருப்பியே’ என்றார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், ‘கெடைச்சாளா?’ என்றார்.

நாலு வருஷத்தில் எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். தேடிக்கிட்டிருக்கோம் என்பாள், ஒரு தகவல் வந்திருக்கு என்பாள், அடுத்த மாசம் பழனிப் பக்கம் போய்ப் பார்க்கணும் என்பாள். இன்றைக்கு அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

‘கெடைக்கல அண்ணாச்சி’ என்றாள். ‘இனி கெடைக்க மாட்டா.’

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பக்கம் மெர்லின் ஐயோ என்றாள், முடிவைச் சொல்லிட்டீங்களே அக்கா, நான் வாங்கிப் படிக்கலாம்னு இருந்தேன் என்று குறைப்பட்டுக்கொண்டாள். கணபதிராமன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நோட்டில் விரலை ஓட்டி, போன மாதம் நூற்றிப் பன்னிரண்டு, இந்த மாதம் பக்கம் சொல்லுங்க பவுன்தாயம்மா என்றார். முடிச்சிட்டேன் என்றாள். வட்டத்தில் யாராவது ஒரு புத்தகத்தை முடித்துவிட்டால் எல்லோருமாகக் கை தட்டுவது வழக்கம். தட்டினார்கள். ஜோயல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகத் தட்டினான், நாற்பத்தொன்றுக்குச் சிரித்தது அவனுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது போல. அவளும் என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டினாள். கணபதிராமன் அவள் பெயருக்கு நேரே ‘முடிந்தது’ என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்து மெர்லின் என்றார்.